ஏப்ரல் இறுதியில் ட்ரோம்சோ: வசந்தம் என்று நம்பிப் போகலாமா?

நடையன் | மார்ச் 3, இரவு 9.40

வணக்கம். ஆஸ்லோவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏப்ரலில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். 24ஆம் தேதியிலிருந்து 29 வரை எல்லோருமாக வடக்கு நார்வேயில் இருக்கும் ட்ரோம்சோ போகிறோம். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆகவே 'போகாதே' என்ற ஒரே ஓர் அறிவுரை மட்டும் வேண்டாம்.

போகிறவர்கள்: நான், மனைவி, எட்டு வயது மகள், அப்பா (64 வயது, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், படியிறங்கும்போது மட்டும் வலது முழங்கால் முனகும்), அம்மா (குளிர் என்ற சொல் காதில் விழுந்தாலே சால்வை தேடுபவர்).

திட்டம்: துருவ ஒளி (இரவு வானில் ஆடும் அரோரா), திமிங்கிலம், நாய் இழுக்கும் பனிவண்டி, ஷெர்பாப் படிக்கட்டு ஏறி மலை உச்சி, ஒரு நாள் கூடாரம். ஆஸ்லோவில் ஏப்ரல் இறுதியில் மரங்கள் துளிர்விடத் தொடங்கிவிடுகின்றன. அங்கே இதைவிடக் கொஞ்சம் கூடுதல் குளிர், அவ்வளவுதானே?

சறுக்குக்கட்டை | மார்ச் 3, இரவு 10.15

அவ்வளவு இல்லை. ஐந்தில் நான்கு அந்த வாரத்தில் கிடையாது. ஐந்தாவதைச் செய்யலாம், ஆனால் செய்யாதீர்கள்.

ஹெர்ரிங் மீன் கூட்டத்தின் பின்னால் திமிங்கிலங்கள் வருவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. நாய்வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் ஏப்ரல் நடுவில் கடை கட்டிவிடுவார்கள். உயரமான இடத்தில் பனி மிச்சமிருந்தால் ஒருவர் இருவர் ஓட்டலாம், கேட்டுப் பாருங்கள். ஷெர்பாப் படிக்கட்டு என்பது நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து அடுக்கிக் கொடுத்த சுமார் 1,200 கல்படிகள். உங்கள் தேதியில் படி எது, பனி எது என்று தெரியாது. நாலு பேர் மிதித்துப் பளிங்காகிப் போன பனிச்சரிவில் அப்பாவின் முழங்காலை இறக்கப் போகிறீர்களா? அதே மலைக்குக் கம்பிவண்டி 1961இலிருந்து போகிறது. 421 மீட்டர் உயரத்தில் ஸ்டூர்ஸ்டைனன் என்ற இடத்தில் கொண்டுபோய் விடும். அதில் ஏறுங்கள்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 4, காலை 7.05

துருவ ஒளிக்கு நான் வருகிறேன். இது கருத்து இல்லை, கணக்கு.

ட்ரோம்சோ வடக்கு அட்சரேகை 69.65 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 25ஆம் தேதி அங்கே பகல் சுமார் பதினேழரை மணி நேரம். மீதி ஆறரை மணி நேரம் இரவு என்று நினைத்துவிட வேண்டாம். நள்ளிரவில்கூடச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏழு பாகைதான் இறங்குகிறது. நம் ஊரில் சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்து இருக்கும் வெளிச்சம் எதுவோ, அதுதான் அங்கே உச்ச இருட்டு. ஒளி அப்போதும் மேலே ஆடிக்கொண்டுதான் இருக்கும். பார்க்கத் தேவையான கறுப்பு வானம் இருக்காது. ஏப்ரல் முதல் வாரத்தோடு அந்தக் கதை முடிந்தது. ஒரு நாளுக்குப் பத்து நிமிடம் வீதம் பகல் நீண்டுகொண்டே போய், மே 20 வாக்கில் சூரியன் மறைவதையே நிறுத்திவிடுகிறது. ஜூலை 22 வரை அப்படித்தான்.

'துருவ ஒளிச் சுற்றுலா' என்று ஏப்ரல் கடைசியில் யாராவது டிக்கெட் விற்றால், அவரிடம் ஏழு பாகையைப் பற்றிக் கேளுங்கள்.

நடையன் | மார்ச் 4, காலை 8.30

காலைக் காப்பி கசக்கிறது. துருவ ஒளியைப் பார்க்கத்தான் அப்பா முக்கியமாக வருகிறார். அப்படியானால் அந்த வாரத்தில் அங்கே என்னதான் இருக்கிறது?

வடகடல் | மார்ச் 4, மாலை 6.20

தம்பி, நான் 1988இல் நோர்வேக்கு வந்தவன். முதலில் ஒரு நாட்டார் உயர்பள்ளி (பரீட்சை இல்லாத விடுதிப் பள்ளி), பிறகு பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை. அந்த நாளில் வடக்கில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் பலருக்கும் அதுதான் பாதை. 1996இல் ட்ரோம்சோவுக்கு மாறினேன். இன்றைக்கும் இங்கேதான்.

வசந்தம் என்ற சொல்லை முதலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். இங்கே ஏப்ரல் என்பது வெளிச்சம் வந்துவிட்ட குளிர்காலம். நான் வந்த அடுத்த வருடம், 1997 ஏப்ரல் 29ஆம் திகதி, இந்த ஊரில் பனி 240 சென்ரிமீற்றர் கிடந்தது. அளந்த காலத்தில் அதுதான் சாதனை. எங்கள் கீழ்மாடி யன்னல் முழுக்க மூடிப்போய், வீட்டுக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் இருந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் மீன் இருப்பதுபோல நாங்கள் இருந்தோம். பேர்ச் மரத்தில் இலை வருவதற்கு மே கடைசியாவது ஆகும். சில வருடம் ஜூன்.

ஆனால் இங்குள்ள சனங்களைக் கேட்டால் வருடத்தின் வடிவான காலம் இதுதான் என்பார்கள். நவம்பர் 27இலிருந்து ஜனவரி 15 வரை சூரியன் எழும்பாத ஊர் இது. அந்த இருட்டைக் கடந்து வந்தவர்களுக்கு ஏப்ரல் வெயில் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

என் முதல் ஈஸ்டரைச் சொல்கிறேன். தொழிற்சாலையில் என்னோடு மீன் வெட்டிய ஒரு நோர்வேக் கிழவர், 'நாளைக்கு வெளியே போகிறோம், வா' என்றார். நான் மலையேற்றம் என்று நினைத்துப் பயந்துபோனேன். அரைமணி நடந்திருப்போம். ஒரு சரிவில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். பிறகு சவளை எடுத்துப் பனியைத் தோண்டினார். கிணறு வெட்டுகிறாரோ என்று நினைத்தேன். இடுப்பளவு ஆழம், முதுகுக்கு ஒரு சுவர், கால் நீட்ட ஒரு பள்ளம். உட்காரும் திட்டில் மான்தோலை விரித்தார். சூரியனைப் பார்த்து உட்கார்ந்தார். பையிலிருந்து தோடம்பழமும் சொக்லேற்றும் எடுத்தார். இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. குழிக்குள் காற்று இல்லை, பனிச்சுவரில் பட்டுத் தெறிக்கிற வெயில் நாலு பக்கமும் சுடுகிறது. நான் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே நாலு பாகை.

உங்கள் தகப்பனாருக்கு அதைக் காட்டுங்கள். ஒரு சவள், ஒரு ஆட்டுத்தோலோ ரப்பர் விரிப்போ, சுடுதண்ணீர்ப் போத்தல், தோடம்பழம். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஈரக்காலுறை | மார்ச் 4, இரவு 11.50

மேலே இருப்பவர்கள் எல்லோரும் ட்ரோம்சோவைக் காதலிப்பவர்கள். காதலிக்காத ஒருவனும் பேச வேண்டும் இல்லையா?

போன வருடம் மே முதல் வாரம் போனேன். ஊர் முழுக்கச் சேறும் பனியும் கலந்த கஞ்சி. குளிர்காலம் முழுக்க நடைபாதையில் வழுக்காமலிருக்கத் தூவிய சரளை, பனி உருகியதும் தூசியாகிக் கிளம்புகிறது. குளிர்கால விளையாட்டெல்லாம் முடிந்துவிட்டது, கோடையுடையது தொடங்கவில்லை. மே 1 விடுமுறை, அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைகள் பூட்டிக் கிடந்தன.

பனிக்காலணி வாடகைக்கு எடுத்துக் கம்பிவண்டியில் மேலே போனேன் (பனிக்காலணி என்றால் பூட்ஸ் அல்ல, காலுக்கடியில் மாட்டும் அகலமான சட்டம்). காலை பத்து மணிக்குப் பனி சிமெண்டுத் தரை. மதியம் இரண்டு மணிக்கு அதே பனி ஊறிய ரொட்டி. ஒரு பக்கத்து வார் அறுந்துபோனது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாலாவது அடியில் வலது கால் தொடை வரை இறங்கியது. இழுத்தால் காலுறை மட்டும் வருகிறது, பூட்ஸ் உள்ளே. படுத்துக்கொண்டு கையால் தோண்டி எடுத்தேன். என் புனைபெயரின் கதை அதுதான். வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் வாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நீங்கள் தாமதமாகப் போனீர்கள்' என்றார். வாருக்கும் தாமதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஜூன் கடைசியில் போங்கள். டிக்கெட்டை மாற்ற முடியுமா பாருங்கள்.

சறுக்குக்கட்டை | மார்ச் 5, காலை 7.30

வாருக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு. தொடைக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஏப்ரல், மே மாதப் பனி அப்படித்தான் வேலை செய்கிறது. பகலில் மேல்பரப்பு உருகும். இரவில் வானம் தெளிந்திருந்தால் வெப்பமெல்லாம் மேலே போய், உருகியது உறைந்து ஓடாகிவிடும். அதற்கு நார்வேஜிய மொழியில் 'ஸ்காரெ' என்று பெயர். அதன்மேல் அதிகாலையில் சாலையில் நடப்பதுபோல நடக்கலாம். மேகம் மூடிய இரவு என்றால் உறையவே உறையாது. காலையிலேயே ஊறிய ரொட்டிதான். ஆகவே இரவு வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் திட்டம். வெளிச்சம் நாள் முழுக்க இருக்கிறதே என்று மதியம் கிளம்புவதுதான் ஆஸ்லோவிலிருந்து வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

நடையனுக்கு ஒரு கேள்வி: ஸ்கீ தெரியுமா? தெரிந்தால், ஊர் இருக்கும் தீவின் நெடுக ஒரு விளக்குப் பாதை போகிறது. மலையும் இல்லை, சரிவும் இல்லை, காட்டுக்கு நடுவே அகலமான தடம். குழந்தைக்கு அது போதும்.

நடையன் | மார்ச் 5, மதியம் 12.10

எனக்கும் மகளுக்கும் தெரியும். மனைவி பழகிக்கொண்டிருக்கிறாள். டிக்கெட்டை மாற்ற முடியாது. பணம் திரும்பாத வகை.

ட்ரோம்சோவுக்குக் கிழக்கே இருக்கும் லிங்கன் மலைகளின் படம் பார்த்தேன். கடலிலிருந்து நேராக எழும்பும் வெள்ளை மலை, அதில் ஸ்கீயோடு ஏறுகிறார்கள். ஒரு நாள் பெற்றோரை விட்டுவிட்டு நான் மட்டும் போய்வரலாமா? கூடாரத்தை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பதும் புரியவில்லை.

சறுக்குக்கட்டை | மார்ச் 5, மாலை 4.45

லிங்கனுக்குப் போய் மலையைப் பாருங்கள், ஏறாதீர்கள். பிரைவிகைடெட்டிலிருந்து ஸ்வென்ஸ்பிக்கு வண்டியோடு படகில் கடந்தால் போதும், கரையிலிருந்தே எல்லாம் தெரிகிறது.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அங்கே ஏறுகிறவர்கள் மூன்று பொருள் இல்லாமல் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள்: உடம்போடு கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவி, மடக்குக் கோல், மண்வெட்டி. மூன்றும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல, கூட வந்தவரைத் தோண்டியெடுக்க. ஆக, தனியாகப் போனால் மூன்றும் வெறும் சுமை. சரிந்து விழும் பனியில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை உண்டு. ஹெலிகாப்டர் அதற்குள் வராது.

30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவு எல்லாமே சந்தேகத்துக்குரியது. நீங்கள் அதில் ஏறத் தேவையில்லை, அடியில் நடந்தாலே போதும். நார்வேயின் நீர்வள, எரிசக்தி இயக்ககம் 'வார்சொம்' என்ற தளத்தில் தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. மூன்று என்று பார்த்ததும் 'நடுத்தரம்தானே' என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு, ஐந்து என்றால் யாரும் போக மாட்டார்கள். மூன்றில்தான் எல்லோரும் போகிறார்கள், சாகிறார்கள். என்னோடு படித்த ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ச்சரிவில் வெயில் படுவதையே இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாக உருண்டு இறங்கின. 'திரும்பலாம்' என்றான். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருந்தோம். திரும்பினோம்.

வடகடல் | மார்ச் 5, இரவு 8.00

அந்தப் பையன் சரியான பையன். 1967 ஈஸ்டரில் நோர்வே மலைகளில் 18 பேர் செத்தார்கள். அதன்பிறகுதான் மலை நடத்தை விதிகளை நாடு முழுக்கப் பரப்பினார்கள். ஒன்பது விதிகள். 'நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை' என்பது எட்டாவது. கிழவர் தந்த அந்த குவிக் லுன்ஷ் சொக்லேற்றின் உறைக்குள்ளேயே அச்சடித்திருப்பார்கள். எனக்கு நோர்வே மொழி வாசிக்கப் பழக்கியதில் அந்த உறைக்கும் பங்கு உண்டு.

கூடாரம் பற்றி. சட்டம் உங்களைத் தடுக்காது. 1957ஆம் ஆண்டு வெளிப்புறச் சட்டப்படி, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்றி யாரும் கூடாரம் அடிக்கலாம். ஏப்ரல் 15இலிருந்து செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டப் பொதுவாகத் தடை உண்டு. பிரச்சினை அம்மா. பனிமேல் படுத்தால் குளிர் மேலிருந்து வராது, கீழிருந்து வரும். எட்டு வயதுப் பிள்ளையோடு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. நகரத்துக்குள் மலையைவிட ஆபத்தானது கூரை. உருகும் நாளில் கூரைப்பனி மொத்தமாகச் சரிந்து நடைபாதையில் விழும். சுவரோரம் பிள்ளையை நடக்க விடாதீர்கள். கயிறோ கோலோ குறுக்கே வைத்திருந்தால் மறுபக்கம் போங்கள். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள்பட்டை, 'ப்ரொடர்' என்று கேளுங்கள், பெரியவர்கள் இருவருக்கும் வாங்குங்கள். காலையில் நடைபாதை கண்ணாடி.

கணக்குப்பிள்ளை | மார்ச் 5, இரவு 8.40

கார் வாடகைக்கு எடுப்பதானால்: வடக்கு மாவட்டங்களில் ஆணி டயர் ஏப்ரல் 30 வரை அனுமதி. நீங்கள் அதற்குள் திரும்பிவிடுவீர்கள், ஆகவே ஆணி டயர் உள்ள வண்டியையே கேட்டு வாங்குங்கள்.

வடகடல் ஐயாவின் பதிவில் ஒரு எழுத்துப்பிழை, 'தள்ளி' என்று இருக்க வேண்டும்.

வடகடல் | மார்ச் 5, இரவு 8.55

விரல் குளிர்ந்துபோய் அடித்தது. விட்டுவிடுங்கள்.

ஈரக்காலுறை | மார்ச் 5, இரவு 10.30

கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும் கட்டாயம். 'நம் தோலுக்கு வெயில் புதிதா' என்று நான் சிரித்துக்கொண்டே போனேன். பனி வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பியடிக்கிறது. மூக்கின் அடிப்பக்கம், மோவாயின் அடிப்பக்கம், மூக்குத்துவாரத்தின் உள்விளிம்பு என்று வாழ்நாளில் வெயிலே பார்க்காத இடமெல்லாம் வெந்துபோனது. ஒரு வாரம் தும்மக்கூட முடியவில்லை.

இவ்வளவும் சொன்னாலும் ஜூன்தான் என் கட்சி.

நடையன் | மே 3, மாலை 7.15

போய்விட்டு வந்துவிட்டோம். கடன்பட்டிருக்கிறேன், எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு நாள் மேகமும் ஈரப்பனியும். ஈரக்காலுறை சொன்ன கஞ்சியை அப்படியே மிதித்தோம். கடற்கரையை ஒட்டி நடக்க மட்டும் முடிந்தது. அப்பா விடுதி ஜன்னலில் நின்றுகொண்டு, 'இதற்காகவா இவ்வளவு தூரம்' என்று என்னிடம் சொல்லாமல் கண்ணாடியிடம் சொன்னார்.

26 இரவு வானம் தெளிந்தது. மறுநாள் ஆறு மணிக்கே எல்லோரையும் எழுப்பிவிட்டேன். விளக்குப் பாதையில் ஓடு அப்படி இறுகிக் கிடந்தது. மகள் ஸ்கீயே இல்லாமல் ஓடினாள். அங்கே ஒரு பாட்டி, பின்பக்கத்துக்கு மட்டும் போதுமான, முன்னால் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அவளிடம் கொடுத்துச் சரிவைக் காட்டினார். அதன்பிறகு துருவமாவது, ஒளியாவது. நாற்பது தடவையாவது சறுக்கியிருப்பாள். பதினொரு மணிக்குப் பனி இளக ஆரம்பித்தது, கிளம்பிவிட்டோம்.

அன்று மாலை கம்பிவண்டியில் மேலே போனோம். முகட்டின் விளிம்புக்குப் போகாமல், தட்டையான இடத்தில், காற்றுக்கு முதுகு காட்டித் தோண்டினேன். சவள் எடுத்துப் போயிருந்தேன் ஐயா. அரைமணியில் மூச்சு வாங்கியது, அப்பா வாங்கிக்கொண்டார். தோட்டத்தில் பாத்தி கட்டியவர், என்னைவிட ஒழுங்காகச் சுவர் பிடித்தார். இருவருக்கு வெட்டினோம். வேலை முடிந்ததும் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். கீழே பாலம், அந்தப் பக்கம் தீவு, பாலத்து முனையில் முக்கோணமாக வெள்ளைத் தேவாலயம். ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் போனது. அதன்பிறகும் இருட்டவில்லை. பனி ரோஜா நிறமாகி, பிறகு நீலமாகி, நீலத்திலேயே நின்றுவிட்டது. அப்பா ஆரஞ்சுத் தோலை வீசாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 'இருட்டு எப்போது வரும்' என்று ஒரு தடவை கேட்டார். ஏழு பாகைக் கணக்கைச் சொன்னேன். 'சரி, வராது' என்றார்.

லிங்கனைக் கரையிலிருந்து பார்த்தோம். ஏறவில்லை. அன்று எச்சரிக்கை மூன்று.

ஈரக்காலுறை | மே 3, இரவு 9.05

அம்மா?

நடையன் | மே 3, இரவு 9.20

முள்பட்டை மாட்டிக்கொண்டபின் அவரைப் பிடிக்க முடியவில்லை. தினமும் காலையில் டெலிகிராஃப்புக்தா கடற்கரைக்குத் தனியாகப் போய்வந்தார். சிவப்பு மூக்கும் கறுப்பு வெள்ளை உடம்புமாக ஒரு பறவை ஜோடி கூழாங்கல்லில் நடக்கிறதாம். எங்களை வந்து பார்க்கச் சொன்னார். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம்.

வடகடல் | மே 3, இரவு 9.45

அது சிப்பிபிடிப்பான். போன வாரம் எங்கள் பக்கமும் சத்தம் கேட்டது. எனக்கு இன்னும் முற்றத்தில் ஒரு மீற்றர் பனி கிடக்கிறது. நிழலில் இருப்பதை அள்ளி வெயில் படுகிற தார்ச்சாலையில் வீசிக்கொண்டிருக்கிறேன், அப்போதுதான் கெதியில் உருகும். பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் செய்கிறார். அடுத்த முறை வந்தால் சவளோடு என் வீட்டுக்கு வாருங்கள், வேலை இருக்கிறது.